மூன்று முறை வாசிக்கப்பட்ட சாவுச் செய்தி

ஆள் உயிரோடு இருக்கும்போதே சாவுச் செய்தி எழுதி வைப்பது நம் தொழிலில் உள்ள வழக்கம். புதிதாக வந்தவர்கள் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பீர்கள். சுளிக்கத்தான் வேண்டும். ஆறு மாதம் கழித்து, எண்பது தாண்டிய பெரிய மனிதர் யாராவது மேடையில் இருமினாலே உங்கள் கை தானாகக் குறிப்பு நோட்டைத் தேடும். அப்போது உங்களுக்கே உங்களைப் பிடிக்காது. ஆனாலும் எழுதுவீர்கள்.

நான் திருப்பூர், பல்லடம் வட்டாரத்தில் ஒரு நாளிதழுக்கு முப்பத்தைந்து வருடம் செய்தி சேகரித்தவன். என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் பனியன் கம்பெனி ஸ்டிரைக்கையும் சாயப்பட்டறைப் பிரச்சினையையும் பற்றித்தான் கேட்கிறீர்கள். அதில் நான் காட்டிய வீரத்தை வேறு யாரிடமாவது கேளுங்கள், இரண்டு பங்கு கூட்டியே சொல்வார்கள். இன்று சொல்லப்போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. அது முப்பது வருடம் எனக்கே தெரியாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

ஓய்வு பெறுவதற்கு ஆறேழு வருடம் முன்பு தலைமை அலுவலகத்திலிருந்து செய்தி ஆசிரியர் போன் செய்தார். நாட்டின் முதல் பொதுத்தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போனவர்களில் யார் யார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒரு சிறப்புப் பக்கம் போடப் போகிறார்களாம். தேடினால் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் தேறினார்கள். அதில் ஒருவர் என் வட்டாரத்தில், சாமளாபுரத்தில் இருந்தார்.

"போய்ப் பார்த்து எழுதிட்டு வாங்க. அப்படியே அவருக்கு ரெடி செய்தியும் ஒண்ணு எழுதி வெச்சிருங்க. ஒரே அலைச்சல்ல ரெண்டும் முடிஞ்சிரும்" என்றார் ஆசிரியர். ரெடி செய்தி என்றால் ஆள் போவதற்கு முன்பே எழுதி வைக்கும் சாவுச் செய்திதான்.

அந்தப் பெரியவரை எனக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே அவரைப் பற்றி ஞாயிறு மலரில் முழுப் பக்கம் எழுதியிருந்தேன். நெசவாளர் குடும்பம். கட்சி அவரை நிறுத்தியது இந்தப் பக்கத்தில் இல்லை, வேறொரு தொகுதியில். இருபத்தேழு வயதில் டெல்லிக்குப் போய், ஐந்து வருடம் இருந்துவிட்டு, மறுபடி நிற்காமல் ஊர் திரும்பியவர். 'கைத்தறி நெசவாளருக்கு நூல் கேட்டு அவையில் முழங்கினார்' என்று அந்தக் கட்டுரையில் எழுதியிருந்தேன். அந்த வரி ஊருக்கு மிகவும் பிடித்துப்போய், நெசவாளர் சங்கக் கட்டடத்தில் அவருடைய படத்துக்குக் கீழே பெயின்ட்டில் எழுதி வைத்துவிட்டார்கள். எழுதியவனுக்குப் பெருமை தாங்கவில்லை. பல்லடம் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் எட்டி அதைப் பார்ப்பேன்.

ரெடி செய்தியை அலுவலகத்திலேயே எழுதி முடித்துவிட்டேன். பழைய கட்டுரையை எடுத்து, வரிகளைச் சுருக்கி, 'வருகிறார்' என்பதையெல்லாம் 'வந்தார்' என்று மாற்றினால் முடிந்தது வேலை. அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஊர், வருடம் எல்லாம் சரிதானா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொள்ளலாம் என்ற தந்திரத்தோடு ஒரு காலை வேளையில் சாமளாபுரம் போனேன்.

விசைத்தறிச் சத்தம் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டிருந்த தெருவில் அவர் வீடு. மகள் தங்கமணி கதவைத் திறந்தார். அறுபது வயதிருக்கும். அப்பாவை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாங்க ரிப்போர்ட்டர் தம்பி. முப்பது வருசம் கழிச்சு வந்திருக்கீங்க. எனக்கு ரெடி பண்ணீட்டீங்களாட்ட இருக்குதுங்க."

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் சிரித்தார்.

"போன மாசம் நம்ம பழைய எம்எல்ஏ போனாரு. மத்தியானம் ரெண்டு மணிக்கு உசுரு போச்சு, அடுத்த நாள் காலைல கால் பக்கத்துக்குச் செய்தி. அத்தனையும் ஒரு சாயங்காலத்துல எழுத முடியுமுங்களா? பைல வெச்சிருந்தீங்கன்னா எடுங்க. படிங்க, கேப்போம்."

பொய் சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். முடியாது என்று அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. எடுத்தேன். தங்கமணி, "ஏனுங்க, காலங்காத்தால எங்கப்பாவை உக்கார வெச்சு இதைப் படிப்பீங்களா?" என்று கோபமாகக் கேட்டார். என் காது சூடாகிவிட்டது.

"நீயும் உக்காரு சாமி. இது மசோதா மாதிரி. மூணு தடவ வாசிக்கோணும். மொதல்ல தலைப்பு மட்டும். அப்பறம் ஒவ்வொரு பிரிவா எடுத்துத் திருத்தம். கடைசியா ஓட்டு. அஞ்சு வருசம் நான் அங்க உருப்படியாக் கத்துக்கிட்டது இதுதானுங்க" என்றார் பெரியவர்.

தலைப்பை வாசித்தேன். முதல் வாசிப்பு நிறைவேறியது. இரண்டாவதில்தான் என் வண்டி மக்கர் செய்தது. 'எளிமையின் சிகரம்' என்று வாசித்ததும் கையை உயர்த்தினார். "சிகரம் வேண்டாமுங்க. டெல்லிக் குளிருக்கு ரெண்டு கோட்டு வெச்சிருந்தேன்." அடித்தேன். வயதை வாசித்தேன். "அதை நீங்க அப்பறமா நெரப்பிக்கோங்க." மனைவி பெயரில் ஒரு எழுத்தைத் திருத்தினார். தங்கமணிக்கே கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் தைரியம் வந்து அடுத்த வரியைக் கொஞ்சம் குரல் ஏற்றியே வாசித்தேன். கைத்தறி நெசவாளருக்கு நூல் கேட்டு அவையில் முழங்கினார்.

"இதை எடுத்துருங்க" என்றார்.

"தன்னடக்கமுங்களா ஐயா?"

"இல்லீங்க. நான் பேசவே இல்லீங்க."

 அவர் பதற்றமில்லாமல் சொல்லிக்கொண்டு போனார். நூல் பஞ்சம் பற்றிய விவாதத்தில் பேசப் பெயர் கொடுத்திருந்தார். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றார். மனப்பாடம் செய்திருந்த இங்கிலீஷ் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. தாய்மொழியில் பேச அனுமதி கேட்டிருக்கலாம். கேட்கவே வெட்கமாக இருந்தது. உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் ஐந்து வருடத்தில் எழுந்து நிற்கவே இல்லை.

"பக்கத்து சீட்டுல தெற்கத்திக்காரர் ஒருத்தர். அண்ணாச்சின்னு கூப்புடுவேன். டெல்லில ரெண்டு பேருக்கும் ஒரே குவார்ட்டர்ஸுங்க. என்னை விட மூணு வயசு மூப்பு. நான் உக்காந்ததும் அவரு எந்திரிச்சாரு. நெசவு அவுங்க குடும்பத் தொழிலே கெடையாது. ஆனா நம்ம சனத்துக்கு நூலுக்காக அன்னிக்கு அப்படிப் பேசுனாரு. பேசுனவரு அவருதானுங்க."

 முப்பது வருடம் முன்பு அந்த வரியை நான் எங்கே எடுத்தேன் தெரியுமா? ஒரு கோயில் விழாவில் வரவேற்புரை ஆற்றியவர் மைக்கில் சொன்னது. அவரைப் பேட்டி எடுக்கப் போனபோது டெல்லிச் சாப்பாடு, குளிர், தலைவர்கள் என்று என்னென்னவோ கேட்டேன். 'நீங்கள் அவையில் என்ன பேசினீர்கள்' என்று மட்டும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை எதற்குக் கேட்பது என்று நினைத்தேன். பல்லடம் போகும் கடைசித் தனியார் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் வேறு.

"அப்பவே சொல்லியிருக்கலாமேங்க ஐயா" என்றேன். கேட்கும்போதே என் மேல் எனக்கே எரிச்சலாக இருந்தது.

"பேப்பர் வந்த அன்னிக்குக் காலைல நான் கண்ணாடி போடறதுக்குள்ள மாலையோட வந்து நின்னாங்க. மாலை போட்டவங்ககிட்ட நான் பேசலைன்னு எப்படிச் சொல்றதுங்க? நாளைக்கு எழுதிப் போடலாம்னு நெனச்சேன். அடுத்த வாரம் சங்கத்துல பெயின்ட் அடிச்சுட்டாங்க. ஒரு நாள் பேசாம இருந்தா அப்பறம் பேசறது ரொம்பக் கஷ்டம் தம்பி. எனக்கு அது ரெண்டாவது தடவ."

தங்கமணி எழுந்துவிட்டார். "ஊரே சொல்றதை எதுக்குப்பா இப்பப் போய் அழிக்கோணும்? கடைசிக் காலத்துல எங்கப்பா பொய் சொன்னாருன்னு நாலு பேர் பேசோணுமா? நான் ஒத்துக்க மாட்டேன்."

"செரி, ஓட்டுக்கு விட்டுருவோம்" என்றார் பெரியவர். திருத்தத்துக்கு ஆதரவாக அவர் ஒன்று. எதிராகத் தங்கமணி ஒன்று. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பத்திரிகைக்காரன், நடுநிலை என்று முனகினேன்.

"நடுநிலைன்னு ஒண்ணு இருக்குதுங்க. ஆனா எழுதுனவருக்கு அது கெடையாது."

தம்பி, தங்கைகளே, நம் தொழிலைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே பாடம் அதுதான். பத்திரிகை நடத்தியவர் யாரும் சொன்னதில்லை, அவையில் ஒரு வார்த்தை பேசாத மனிதர் சொன்னது. நான் கையை உயர்த்தினேன். தங்கமணி உள்ளே போய்விட்டார்.

ரெடி செய்தியில் அந்த வரியை அடித்துக் காட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். என் புத்தி அவ்வளவுதான். பெரியவர் விடவில்லை.

"நான் செத்தப்பறம் வர்ற திருத்தம் எனக்கெதுக்குங்க? அண்ணாச்சிக்குத் தெரியோணும். அவரு இருக்கறாரோ இல்லையோன்னே எனக்குத் தெரியலை. பொங்கலுக்குப் பொங்கல் கடுதாசி போடுவாரு. நின்னு போச்சு. நானும் நாலஞ்சு தடவ போட்டுப் பார்த்தேன்."

"எப்ப நின்னதுங்க?"

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பேப்பரைப் பிரித்தார்.

முதலில் விஷயம் உண்மைதானா என்று பார்க்க வேண்டும். ஒரு முறை கேள்விப்பட்டதை எழுதிப் பட்டது போதும். கோயம்புத்தூரில் ஒரு பழைய கல்லூரி நூலகத்தில் அவை நடவடிக்கைத் தொகுதிகள் இருந்தன. மூன்று நாள் தூசி தின்றேன். நூல் விவாதத்தில் தெற்கத்திக்காரர் பெயர் இருந்தது. அவருடைய பேச்சு நான்கு பக்கம். நம் பெரியவரின் பெயர் எங்கேயும் இல்லை.

அடுத்து, அண்ணாச்சி இருக்கிறாரா என்று தெரிய வேண்டும். ஆசிரியர் தேடி எடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லை, விட்டுப்போயும் இருக்கலாம். இதை எப்படிக் கேட்பது என்பது ஒரு தனிக் கலை. 'ஐயா இருக்காருங்களா' என்று போனில் கேட்டால், இல்லாத வீட்டில் அழுகை வரும், இருக்கும் வீட்டில் வசவு வரும். 'ஐயாவைப் பார்க்க எப்ப வந்தாத் தோதா இருக்கும்' என்று கேட்க வேண்டும். அந்த ஊர் நிருபரிடம் நம்பர் வாங்கி அப்படியே கேட்டேன். மறுமுனையில் அண்ணாச்சியின் மருமகள் எடுத்தார்.

"மாமா படுத்த படுக்கையாத்தான் இருக்காவ. ஆனா நல்லாப் பேசுவாவ. இன்னும் கொஞ்ச நாள்தான்னு டாக்டர் சொல்லிட்டாவ. வாறதுன்னா சீக்கிரம் வாங்க. யாரு பேசுதீய?"

பெயரைச் சொல்லி, சாமளாபுரத்துப் பெரியவரைப் பற்றி ஆரம்பித்தேன்.  மருமகள் தாழ்ந்த குரலில், "அந்தப் பேர இந்த வீட்டுல எடுக்கப்புடாதுன்னு மாமா சொல்லியிருக்காவ. கூடவே ஒக்காந்திருந்தவன், நான் பேசுனத அவன் பேசுனதாப் பேப்பர்ல போட்டுக்கிட்டான்னு ரொம்ப மனசு விட்டுட்டாவ. நான் கல்யாணமாகி வந்த புதுசுல நடந்தது. அந்தப் பேப்பர இன்னும் பெட்டிக்குள்ள வச்சிருக்காவ" என்றார்.

போனை வைத்ததும் பொங்கல் கடிதம் எப்போது நின்றது என்று பெரியவர் ஏன் சொல்லவில்லை என்பது புரிந்தது. என் முகத்துக்கு நேரே சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. டெல்லியில் ஒரே குவார்ட்டர்ஸில், ஒரே சமையற்கட்டில், ஒருவர் கருவாடு வறுக்க இன்னொருவர் ஜன்னலைத் திறந்து வைத்து ஐந்து வருடம் குப்பை கொட்டியவர்கள். அவர்களைப் பிரித்தது அரசியல் இல்லை, கட்சி இல்லை. நான் எழுதிய ஒரு வரி. 

ஆசிரியரிடம் மறுப்புச் செய்தி போட வேண்டும் என்றேன்.

"முப்பது வருசத்துக்கு முந்தின வரிக்கா? யாருய்யா ஞாபகம் வெச்சிருக்கா? ரெண்டு வாரத்துல சிறப்புப் பக்கம் வருதுல்ல, அதுல நாசூக்கா ஒரு வரி சேர்த்துருங்க."

"ரெண்டு வாரம் அந்த ஆளுக்கு இல்லீங்க. நாளைக்கே போடணும். தப்பு செஞ்சது நான்னு என் பேரோடவே போடுங்க."

"உங்க பேரு கெட்டுப் போகும். அப்பறம் ஒவ்வொரு செய்திக்கும் மறுப்புக் கேட்டு ஆள் வருவான். சமாளிப்பீங்களா?"

சமாளிப்பேன் என்றேன். உள்ளுக்குள் பயம்தான். ஐம்பது வயதுக்கு மேல், ஊரில் பெயருள்ள நிருபர், 'விசாரிக்காமல் எழுதினேன்' என்று தன் கையால் எழுதுவது லேசான காரியம் இல்லை. எட்டு வரி எழுத அன்று ஒரு மதியம் முழுவதும் ஆனது. மறுநாள் காலை திருப்பூர் பக்கத்தில் வந்தது. பேசியவர் யார், பேசாதவர் யார், தப்பு யாருடையது, மூன்றும் இருந்தன.

பேப்பரைக் கையில் எடுத்துப் பெருமூச்சு விட்ட பிறகுதான் மண்டையில் உறைத்தது. திருப்பூர் பக்கம் கோவைப் பதிப்போடு சரி. தெற்கு மாவட்டங்களுக்கு அந்தப் பக்கம் போகவே போகாது. தப்பான வரி ஞாயிறு மலரில் ஏறித் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியிருந்தது. திருத்தமோ அவிநாசியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் செய்கிற தப்பா இது? நம் ஆட்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது.

பேப்பரை எடுத்துக்கொண்டு சாமளாபுரத்துக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் பெரியவர் முகம் வாடியது. தங்கமணி வாசலில் நின்று எட்டு வரியையும் படித்தார். இரண்டு தடவை படித்தார். அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டவன் நான். ஏதாவது சொல்வார் என்று தயாராக நின்றேன்.

"அவுங்க நம்பர் வெச்சிருக்கீங்களா? குடுங்க" என்றார். தானே நம்பரைப் போட்டார். மறுமுனையில் மருமகள் எடுத்ததும், "அக்கா, நான் சாமளாபுரத்துல இருந்து பேசறனுங்க. ஐயா காதுல போனை வெக்கறீங்களா? ஒண்ணு படிக்கோணும். ரெண்டு நிமிசம்தானுங்க. எங்கப்பாவுக்காக" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. தங்கமணி போனை என்னிடம் கொடுத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாசித்தேன்.  

"இன்னொருக்க படியும்" என்றது ஒரு கட்டைக் குரல்.

படித்தேன்.

"எழுதுனது நீருதானா?"

"நான்தானுங்க ஐயா. விசாரிக்காம எழுதிட்டேன். மன்னிக்கணும்."

அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை அது என் கணக்கில் அப்படியேதான் இருக்கிறது. "அவன் பக்கத்துல இருக்கானா?" என்று மட்டும் கேட்டார்.

போனைப் பெரியவர் கையில் கொடுத்தேன். இருவருக்கும் காது மந்தம். கத்திக் கத்திப் பேசினார்கள். போனே தேவையில்லை போலிருந்தது. நானும் தங்கமணியும் நகர்ந்து நின்றோம், ஆனால் எல்லாம் கேட்டது. நூல் பற்றிப் பேசவில்லை. கட்டுரையைப் பற்றிப் பேசவில்லை. அந்த அவையில் கூட உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டார்கள். முன் வரிசை மீசைக்காரர்? போயிட்டாருங்க. ஓயாமல் மூக்குப்பொடி போட்ட ஆந்திராக்காரர்? அவரும் போயாச்சு. நம் குவார்ட்டர்ஸுக்கு எதிரே இருந்த அந்தம்மா? தெரியலீங்களே அண்ணாச்சி.

"அப்போ யாருதாம்வே மிச்சம் இருக்கா?" என்று கேட்டது அந்தக் குரல்.

"நாம இருக்கறமுங்களே அண்ணாச்சி" என்றார் பெரியவர்.

அதன் பிறகு தினமும் காலை பத்து மணிக்குப் பேசினார்கள். தங்கமணிதான் நம்பரைப் போட்டுக் கொடுப்பார். மூன்றாவது வாசிப்புக்காக, திருத்திய செய்தியோடு நான் ஒரு நாள் போனேன். இருவரும் போனில் பேசிக்கொண்டிருந்ததால் அரை மணி நேரம் காத்திருந்தேன். அன்று மசோதா எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. தங்கமணியும் கையை உயர்த்தினார்.

பன்னிரண்டாம் நாள் காலை பெரியவரே என்னைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி போயிட்டாருங்க. செய்தில அந்த வரி அவர் பேர்ல வரோணும். மறந்துறாதீங்க தம்பி" என்றார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

இந்த முறை எல்லாப் பதிப்புக்கும் போகும்படி எழுதி அனுப்பினேன். நன்றாக வந்திருக்கிறது என்று ஆசிரியர்கூடப் பாராட்டினார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. முப்பது வருடம் பேசியிருக்க வேண்டியவர்கள் அவர்கள் இருவரும். நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியால் அவர்களுக்குக் கிடைத்தது பதினொரு நாள்.